அரண்மனையில் காணாமல் போன கொடி

அத்தியாயம் 9

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குலேந்திரன் பென்சிலால் ஒரு பெருக்கல் அடையாளம் போட்டுக் கொடுத்திருந்தார். அருட்செல்வன் காலை எட்டரை மணியிலிருந்து அந்த அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவில் மை காய்ந்துவிட்டதோ என்று பழைய பேப்பரில் இரண்டு தரம் கிறுக்கியும் பார்த்துவிட்டான். சனியன், நன்றாகத்தான் எழுதியது.

"வாசிச்சனியோ?" என்று கேட்டபடி கஜா அக்கா தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்தார்.

"மூண்டு தரம் வாசிச்சிட்டன் அக்கா. 'நம்பத்தகுந்த சாட்சி' எண்டு போட்டிருக்கு. என்ர மனிசிக்கு ஒரு கொப்பி எடுத்துக் குடுக்கவோ?"

கஜா அக்கா சிரிக்கவில்லை. அகதி விசாரணைகளில் இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் கஜலக்சுமி. எவ்வளவோ உண்மையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொய்யும் அவர் வாய் வழியாக டொச்சுக்கு, அதாவது ஜெர்மன் மொழிக்கு, போயிருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு சுவிசின் லாங்கன்தாலில் யார் வீட்டில் என்ன மர்மம் என்றாலும் ஆட்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். மாப்பிள்ளை விசாரிப்பு, மொட்டைக் கடிதம் எழுதியவரைப் பிடிப்பது, எல்லாம் பார்த்தார். அருட்செல்வன் கிழமை நாட்களில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாணக் கமரா. மிச்ச நேரமெல்லாம் கஜா அக்காவுக்குச் சாரதி, உதவியாள், வாய்.

அந்த வாய்தான் இப்போது கடிதமாக மேசையில் கிடந்தது.

ஐந்து கிழமைக்கு முன்னால் குலேந்திரனின் ஒரே மகள் மதுஜாவுக்குப் போலந்தில் கல்யாணம். மாப்பிள்ளை தோமாஷ், பிரெஞ்சுப் பக்கத்து லா ஷோ-து-ஃபோனில் அவளோடு ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவனுடைய ஊரில் அறுநூறு வருடப் பழைய செங்கல் தேவாலயத்தில் வெள்ளைக் கல்யாணச் சட்டையோடு முதல் கல்யாணம். அங்கிருந்து பத்து நிமிடத் தூரத்தில், ஒரு காலத்தில் பிரபு குடும்பம் வாழ்ந்து இப்போது ஹோட்டலாகிவிட்ட அரண்மனையில் கூறைச் சேலையோடு இரண்டாம் கல்யாணம். வாசலில் மாப்பிள்ளையின் தாய் பாணும் உப்பும் நீட்டி வரவேற்றார். உள்ளே வாழையிலைக்குப் பதில் பச்சைக் கடதாசி விரித்த மணவறையில் தாலி ஏறியது. அடுத்த நாள் காலை, பதினொரு பவுண் தாலிக்கொடியைக் காணவில்லை.

எல்லோரும் காலைச் சாப்பாட்டு மேசையில் முகம் செத்துப்போய் இருந்த நேரம் அருட்செல்வன் வாயைத் திறந்தான். "அறையிலை கோப்பையள் எடுக்க வந்த பிள்ளையின்ர வேகத்தைப் பாத்தனீங்களோ? கொடியையும் சேத்துத் தட்டிலை அடுக்கிக்கொண்டு போயிருப்பா."

அவ்வளவுதான் சொன்னான். ஒரு மணித்தியாலத்தில் அது வாய்க்கு வாய் மாறி 'கமராக்காரன் கண்டவன்' என்று ஆகிவிட்டது. மத்தியானம் யுஸ்தினா என்ற அந்தப் பணிப்பெண்ணுக்கு வேலை போயிற்று. குலேந்திரன் பொலிசுக்குப் போனார். அந்தப் பிள்ளை தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் காத்திருந்தவள். களவு வழக்குப் பதிவானால் அந்தப் படிப்பே இல்லை என்று பெண் வீட்டாரும் வாசிக்கும்படி தோமாஷுக்கு டொச்சில் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அருட்செல்வன் அதையும் வாசித்தான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

இப்போது அங்கத்தைய பொலிசுக்குச் சாட்சிக் கடிதம் வேண்டும். இன்று ஐந்து மணித் தபாலுக்கு அனுப்ப வேண்டும். டொச்சைத் திருத்தித் தரச் சொல்லித்தான் குலேந்திரன் இதைக் கஜா அக்காவிடம் கொண்டுவந்தார். அவர் திருத்தாமல் மூன்று நாளாகத் துருவிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச வா. இந்தப் பிள்ளைக்கு அண்டைக்குக் காய்ச்சலோ?"

கஜா அக்கா மடிக்கணினியைத் திருப்பினார். இராச்சாப்பாட்டுப் படங்கள். வெள்ளைச் சட்டைக்கு மேலே மதுஜா கழுத்துவரை பொத்தான் பூட்டிய சரிகை மேற்சட்டை ஒன்று போட்டிருந்தாள்.

"காய்ச்சலோ? அண்டைக்கு முப்பத்திரண்டு பாகை வெக்கை அக்கா. போலந்து மாமாமார் கோட்டோட சேத்து மானத்தையும் கழட்டிப்போட்டு ஆடினவை."

"அதைத்தான் கேக்கிறன். தேவாலயத்திலை இந்த மேற்சட்டை இல்லை. கூறையோட நிக்கேக்கை கொடி நல்லா வெளியாலை தெரியுது. ஐஞ்சு மணிக்குப் பிறகு கழுத்தையே காணேல்லை. கொடி விடியத்தான் போனதெண்டால் முதல் நாள் பின்னேரமே ஏன் கழுத்தை மூடினவள்?"

அருட்செல்வன் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான்.

"இடையிலை நாப்பது நிமிசத்துக்கு ஒரு படமும் இல்லை," என்றார் கஜா அக்கா. "சாப்பாட்டுக் கோப்பையைக்கூட நாலு பக்கத்தாலை படம் எடுக்கிற ஆள் நீ. என்ன செய்தனி?"

"பற்றரி மாத்தினனான்."

அது பொய். அந்த நாற்பது நிமிடத்தில் அவன் எடுத்த இரண்டு படங்கள் வீட்டுக் கணினியில், 'வருமான வரி' என்று பெயர் போட்ட பெட்டிக்குள் கிடந்தன. அந்தப் பெயரைப் பார்த்தால் அவனுடைய மனைவிகூடத் திறக்க மாட்டாள்.

"சரி, வெளிக்கிடு. மதுஜாவைப் பாப்பம்," என்று கஜா அக்கா காலுறையைத் தேடினார்.

*

லா ஷோ-து-ஃபோன் வரைக்கும் கஜா அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அருட்செல்வன் பாரவண்டிக்காரரைத் திட்டினான், மாடுகளைப் பார்த்துக் கேலியாகப் பகிடி விட்டான், வானொலியின் பிரெஞ்சுக்குத் தானே தமிழில் மொழிபெயர்ப்புச் சொன்னான். எதுவும் எடுபடவில்லை. கடைசி இருபது கிலோமீற்றரும் அவனும் வாயை மூடிக்கொண்டே ஓட்டினான்.

மத்தியான இடைவேளையில் மதுஜா தொழிற்சாலைக்கு வெளியே மர வாங்கிலில் வந்து உட்கார்ந்தாள். விரல் நுனிகளில் போட்டிருந்த இறப்பர் உறைகளைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

"அன்ரி, நான் எல்லாம் அப்பாட்டைச் சொல்லீட்டன். படுக்கேக்கை கொடி இருந்தது. விடிய எழும்பினா இல்லை."

ஒரு சொல்லும் தடக்காமல் வந்தது. கஜா அக்கா தலையை ஆட்டினார். தடக்காமல் வரும் கதைகளை அவர் இருபத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறார்.

"அந்த மேற்சட்டை நல்ல வடிவு பிள்ளை. யாற்றை?"

"தோமாஷின்ர தங்கச்சியின்ர."

"ஏன் இரவல் வாங்கினனீ?"

மதுஜா விரல் உறைகளைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு கணம் அருட்செல்வனைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் அன்ரி கழட்டினனான். பின்னேரமே. எனக்குத்தான் ஆசையாக் கிடந்தது."

அருட்செல்வனுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. இருபத்தேழு வயதுப் பிள்ளை அவனைக் காப்பாற்றுகிறாள். நாற்பத்து நாலு வயதில் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இல்லை அக்கா," என்றான். "நான்தான் கழட்டச் சொன்னனான். குளத்தடியிலை வெள்ளைச் சட்டையோட ரெண்டு படம். கொடி தடிப்பாக் கிடக்கு, சட்டைக்குப் பொருந்தேல்லை, ரெண்டே ரெண்டு படம் பிள்ளை, பேந்து போடலாம் எண்டு சொன்னனான். அது மாட்டன் எண்டு சொன்னது. நான் விடேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"தாலியைக் கழட்டச் சொன்ன கமராக்காரனை ஆர் அக்கா பிறகு கல்யாணத்துக்குக் கூப்பிடுவினம்?"

கஜா அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை என்பதுபோல மதுஜாவிடம் திரும்பினார்.

"கழட்டி எங்க வைச்சனீ?"

"அறையிலை, கண்ணாடி மேசையிலை. இருவது நிமிசத்திலை திரும்பி வந்தன். இல்லை. கதவு பூட்டினபடியே இருந்தது அன்ரி." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தாலி ஏறி ஒரு மணித்தியாலத்திலை கழட்டினனான் எண்டு அறிஞ்சா அம்மா உயிரோட இருக்கமாட்டா. அதுதான் விடியக் காணேல்லை எண்டு சொன்னனான். அந்த யுஸ்தினாவைப் பிடிப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை. அருள் அங்கிள் கண்டனான் எண்டு சொன்னவுடனை, ஒருவேளை அவதான் பின்னேரமும் வந்து எடுத்தாவோ எண்டு எனக்கே ஒரு நினைப்பு வந்திட்டுது."

"அறைப் பூட்டின்ர திறப்பு எத்தினை?"

"ரெண்டு. ஒண்டு என்னட்டை. மற்றது அம்மாட்டை."

கஜா அக்கா கொஞ்ச நேரம் மதுஜாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய சங்கிலிகூட இல்லாத வெறுங்கழுத்து.

"கொடி போன பிறகு அம்மா உனக்கு மஞ்சள் கயிறு கட்டி விடேல்லையோ?"

"இல்லை. நானே கேட்டனான். பேந்து பாப்பம் எண்டு சொன்னவ."

"ஐஞ்சு கிழமையாப் பேந்து பாக்கிறாவோ?" கஜா அக்கா எழும்பிவிட்டார். "அருள், வாகனத்தை எடு."

*

மதுஜாவின் தாய் சிவபாக்கியம் வீட்டில் தனியாக இருந்தாள். குலேந்திரனுக்குக் காலை வேலை, மூன்றரைக்குத்தான் வருவார். கூடத்துக் கதிரையில் இருவரையும் இருத்தி, வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். கொடியைப் பற்றிக் கதைக்க வந்தவர்களுக்கு வடை கொடுக்கிற வீடு. அருட்செல்வன் அதைத் தொடவில்லை. வடையை விட்டு அவன் தள்ளியிருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சிவபாக்கியம் அக்கா, ஒண்டு கேக்கவோ?" என்றார் கஜா அக்கா. "நீங்கள் வெள்ளிக்கிழமையிலை நகம் வெட்ட விடாத ஆள். அட்டமியிலை கார் வாங்க விடாத ஆள்."

"ஓம், அதுக்கென்ன?"

"உங்கட மகளின்ர தாலி களவு போய் ஐஞ்சு கிழமை. கல்யாணம் முடிச்ச பிள்ளை வெறுங்கழுத்தோட வேலைக்குப் போய் வருது. ஒரு மஞ்சள் துண்டைக் கயித்திலை முடிஞ்சு கட்ட ஐஞ்சு நிமிசம் காணும். வேற எந்தத் தாய் எண்டாலும் அந்த அரண்மனையிலேயே, அந்த இடத்திலேயே கட்டியிருப்பா. நீங்கள் ஏன் கட்டேல்லை?"

சிவபாக்கியம் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தாள்.

"நான் சொல்லட்டோ?" கஜா அக்காவின் குரல் இறங்கியது. "கட்டின தாலி பத்திரமா இருக்கேக்கை அதே கழுத்திலை இன்னொண்டை ஏத்தக்கூடாது. அது உங்களுக்குத் தெரியும். அதாலைதான் உங்கட கை வரேல்லை."

சிவபாக்கியம் எழுந்து சாமியறைக்குப் போனாள். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பட்டுத் துணிப் பையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். உள்ளே பதினொரு பவுண் கிடந்தது.

"ஊசி எடுக்க அறைக்குப் போனனான்," என்றாள். "பவுடர் டப்பாவுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் நடுவிலை கிடந்தது. கட்டின ஈரம் காயேல்லை கஜலக்சுமி. எடுத்துத் தலைப்பிலை முடிஞ்சன். தேடிக்கொண்டு என்னட்டை ஓடி வருவாள், நாலு பேச்சுப் பேசிப்போட்டுக் குடுப்பம் எண்டு பாத்தன். அவள் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்து, அம்மா இந்தச் சட்டை எப்பிடி எண்டு கேக்கிறாள். விடியப் படுத்த இடத்திலை காணேல்லை எண்டு அழுறாள். என்ர பிள்ளை என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னது. உண்மையைச் சொல்லட்டும், அதுவரைக்கும் குடுக்கிறதில்லை எண்டு நினைச்சன்."

"அந்தப் போலந்துப் பிள்ளை?"

"இவர் பொலிசுக்குப் போனது எனக்கு இஞ்ச வந்தாப்போலைதான் தெரியும். அதுக்குப் பிறகு என்னெண்டு வாயைத் திறக்கிறது? ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தேக்கை அந்தப் பிள்ளைக்காகவும்தான் கும்பிட்டனான்."

அருட்செல்வன் கதிரையின் நுனிக்கு வந்திருந்தான். "அக்கா, மதுஜாவிலை பிழையில்லை. கழட்டச் சொன்னது நான்."

சிவபாக்கியம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை.

"அப்ப கொடி பின்னேரமே கழட்டினது உமக்குத் தெரியும்," என்றாள் மெல்ல. "தெரிஞ்சுகொண்டோ தம்பி அந்தப் பிள்ளையைச் சொன்னனீர்?"

கொடி திரும்பக் கழுத்துக்கு ஏறிவிட்டது என்று தான் நினைத்ததாக அவன் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் கேட்டிருக்கலாமே. மதுஜாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். கேட்டால் தன் பெயர் வெளியே வரும் என்ற பயத்தில்தான் அவன் கேட்கவில்லை.

மூன்றரைக்குக் குலேந்திரன் வந்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கதையைக் கேட்டு முடித்ததும் முதலில் முகம் தொங்கியது. பிறகு யோசனை ஓடியது.

"சூட்கேசின்ர அடித் துணிக்குள்ளை கிடந்தது எண்டு எழுதுவம். வழக்கை எடுத்திடுவம். அந்தப் பிள்ளைக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் கரைச்சல் இல்லை."

"அங்க சனம் என்ன சொல்லும் தெரியுமோ?" என்றார் கஜா அக்கா. "பயந்து போய்க் கொண்டுவந்து வைச்சிட்டாள் எண்டு சொல்லும். அவள் சாகும்வரைக்கும் கள்ளிதான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?" குலேந்திரனின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அருட்செல்வன் மேல் வந்து விழுந்தது. "இவன் கண்டனான் எண்டு சொன்னபடியாத்தானே நான் பொலிசுக்குப் போனனான்!"

"நான் கண்டனான் எண்டு சொல்லேல்லை அண்ணை. அது பகிடி."

"பகிடி எண்டு அப்ப சொல்லியிருக்கலாமே. ஐஞ்சு கிழமையா இவன் காணேல்லை எண்டும் சொல்லேல்லை!"

அருட்செல்வன் சட்டைப் பையிலிருந்து சாட்சிக் கடிதத்தை எடுத்தான். பெருக்கல் அடையாளத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாமல், தாளைப் பின்பக்கம் திருப்பித் தன் டொச்சிலேயே எழுதத் தொடங்கினான். நான் எதையும் பார்க்கவில்லை. கொடியைப் பின்னேரமே கழற்றச் சொன்னது நான். அது மணப்பெண்ணின் குடும்பத்திடமே இருந்தது. யுஸ்தினாவைப் பற்றி நான் சொன்னது பொய். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை விட்டான். கஜா அக்கா பார்த்தும் திருத்தவில்லை.

குலேந்திரன் அதை வாசித்துவிட்டு வெகு நேரம் கையில் வைத்திருந்தார். கடைசியில் சிவபாக்கியம்தான் பேனாவை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள்.

*

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கத் தபால் போய்விட்டது. தபாலகத்துக்கு வெளியே கஜா அக்கா தன் கைத்தொலைபேசியில் ஒரு இலக்கத்தை அழுத்தி அவனிடம் நீட்டினார்.

"ஆர் அக்கா?"

"யுஸ்தினா. தோமாஷிட்டை வாங்கினனான்."

"நீங்கள் கதையுங்கோ. உங்கட டொச் நல்லது."

"நான் மற்றவையின்ர கதையை மொழிபெயர்த்தனான் தம்பி. இது உன்ர கதை."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் ஒரு பெண் குரல் எடுத்துவிட்டது. பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம். எங்கோ ஒரு சமையலறையில் நின்றாள். அருட்செல்வன் தான் யார் என்று சொன்னான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். குளத்தடியை, இரண்டு படங்களை, காலைச் சாப்பாட்டு மேசையை. கொடி கிடைத்துவிட்டது என்றும், பொலிசுக்குக் கடிதம் போய்விட்டது என்றும், அதில் அவள் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்றும் சொன்னான். சிறிது நேரத்தில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"பயிற்சிக்கு இனிப் பிரச்சினை வராதுதானே?" என்று கேட்டான்.

"அந்த இடத்தைப் போன திங்கட்கிழமை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னார்கள்."

அருட்செல்வன் தபாலகத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான். மன்னிப்பு என்ற சொல்லை டொச்சில் மூன்று விதமாகச் சொல்லலாம். மூன்றையும் சொன்னான்.

"நீங்கள் என்னைப் பார்த்ததாகச் சொல்லவே இல்லையா? வெறும் பகிடியா?"

"ஆம். வெறும் பகிடி."

பிறகு அவள் கோபமே இல்லாத, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டாள்.

"நீங்கள் அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்களா?"

அருட்செல்வனின் கண்முன் அந்த அரண்மனை மேசை வந்து நின்றது. அழுது வீங்கிய முகங்கள் ஒரு கணம் மலர்ந்ததும், தனக்குள் பெருமை பொங்கியதும் அப்படியே வந்து நின்றன.

"ஆம்," என்றான். "சிரித்தார்கள். நானும் சிரித்தேன்."